இங்கினியாகல: மலையில் தேங்கிய ஆறும் கரையில் காத்திருந்த வயல்களும்

சம்மாந்துறை, நிந்தவூர், இறக்காமம், நாவிதன்வெளி விவசாயிகள் சிறுபோகம் தொடங்குமுன் கேட்கும் முதற் கேள்வி, "சமுத்திரத்தில் எத்தனை அடி தண்ணி நிக்குது?" என்பதுதான். அவர்கள் சொல்லும் சமுத்திரம் கடல் அல்ல. அம்பாறை நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் உள்ளே, இங்கினியாகல மலைகளுக்கிடையே அணை கட்டித் தேக்கிய சேனாநாயக்க சமுத்திரம் அது. நீர் கொள்ளளவில் இலங்கையின் மிகப்பெரிய நீர்த்தேக்கமும் அதுவே.

அந்த நீர் வயலுக்கும் வீட்டுக் குழாய்க்கும் வருகிறது. ஒரு பங்கு மின்சாரமாகிறது. கிழக்கின் குடிசனப் பரம்பலும் தேர்தல் தொகுதிகளும் மாவட்ட எல்லைகளும் மாறியதும் இந்த அணையைத் தொடர்ந்துதான். சுதந்திர இலங்கையில் தமிழருக்கெதிரான முதலாவது இனப்படுகொலை வன்முறை நடந்த இடமும் இந்தப் பள்ளத்தாக்குதான். இத்தனைக்கும் காரணமான நீர்த்தேக்கத்தின் வரலாற்றை நமது பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் ஓரிரு வரிகளில்தான் படிக்கிறார்கள்.

ஆறும் அதன் பெயரும்

பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமைப் பக்க மலைகளில் ஊற்றெடுக்கும் இந்த ஆறு, நூறு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமாக ஓடி, கல்முனைக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீற்றர் தூரத்தில் கடலைச் சேர்கிறது. தமிழில் இதற்குப் பட்டிப்பளை ஆறு என்று பெயர். மட்டக்களப்பு மாவட்டத்தில் உள்ள பட்டிப்பளைப் பிரதேசத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அபிவிருத்தித் திட்டம் வந்தபின் கல்லோயா என்ற சிங்களப் பெயரே அரச ஆவணங்களிலும் வரைபடங்களிலும் நிலைத்தது. இன்று தமிழிலும் பெரும்பாலோர் கல்லோயா என்றே எழுதுகிறோம்.

அணைக்கு முன்பு இந்தப் பள்ளத்தாக்கு வெறுங்காடாகக் கிடந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. மேற்பகுதி பெரும்பாலும் காடாக இருந்தது உண்மை. அந்தக் காட்டை நம்பி வேடர் சமூகத்தினர் வாழ்ந்தார்கள். தேனெடுத்தும் வேட்டையாடியும் வாழ்ந்த அவர்களின் நிலத்தின் ஒரு பகுதி நீருக்குள் போனது. மிஞ்சிய காடும் 1954 இல் கல்லோயா தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்று ரத்துகல போன்ற சிறு கிராமங்களில் வாழ்கிறார்கள். இந்த நீர்த்தேக்கம் முதலில் இடம்பெயர்த்தது அவர்களைத்தான்.

கீழ்ப்பகுதியின் கதை வேறு. சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு, அக்கரைப்பற்று, இறக்காமம், வீரமுனை ஆகிய ஊர்களின் வயல்கள் அணைக்குப் பல தலைமுறை முந்தியவை. 1850களின் பிற்பாதியில் ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்திலேயே இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்தும் பணி தொடங்கிவிட்டது. போடியார், முன்னிலைக்காரர், வட்டவிதானை என்ற ஒழுங்கில், கண்டம் கண்டமாகப் பிரித்துத் தமிழரும் முஸ்லிம்களும் இங்கு நெல் விளைவித்தார்கள். சம்பான்கள் வந்து நெல் ஏற்றிய துறையே சம்மாந்துறை ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். பெயர்க் காரணம் எப்படியிருந்தாலும், அந்த ஊர் நெல்லால் வளர்ந்த ஊர் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்த விவசாயம் ஆற்றின் குணத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. மாரியில் வெள்ளம் வயலை மூடும். மாரி பொய்த்தால் சிறிய குளங்கள் வற்றிவிடும். சிறுபோகம் என்பது குளத்துக்கு அண்மையில் இருந்தவர்களுக்கே உரியதாக இருந்தது. ஆற்றை மேலே மறித்து, மாரி நீரைக் கோடைக்குச் சேமிக்க வேண்டும் என்ற யோசனையில் பிழை இல்லை. பிழைகள் அடுத்தடுத்த முடிவுகளில் வந்தன.

அணை எழுந்த விதம்

சுதந்திரம் கிடைத்த கையோடு பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க கையில் எடுத்த பெருந்திட்டம் கல்லோயா. 1949 ஆம் ஆண்டின் 51 ஆம் இலக்கச் சட்டத்தால் கல்லோயா அபிவிருத்திச் சபை உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் டென்னசி ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு 1933 இல் அமைத்த அதிகார சபையே அக்காலத்தில் உலகெங்கும் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டது. ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே சபையின் கையில் கொடுத்து, அணை, மின்சாரம், நீர்ப்பாசனம், குடியேற்றம், தொழிற்சாலை எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்வது அந்த முறை. கல்லோயாச் சபைக்கும் அவ்வாறே பரந்த அதிகாரம் கொடுக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் அது கிட்டத்தட்ட ஒரு தனி நிர்வாகமாகவே இயங்கியது.

அணையைக் கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். 1949 இல் தொடங்கிய வேலை, பெரிய மண் நகர்த்தும் இயந்திரங்களின் உதவியோடு 1950களின் தொடக்கத்திலேயே முடிந்தது. இங்கினியாகலயில் இரு குன்றுகளுக்கு இடைப்பட்ட வாயை அடைத்து, சுமார் 1,100 மீற்றர் நீளமும் 40 மீற்றருக்கு அதிகமான உயரமும் கொண்ட மண் அணை எழுப்பப்பட்டது.

அதன் பின்னால் தேங்கக்கூடிய நீர் 770,000 ஏக்கர் அடி, அதாவது ஏறத்தாழ 950 மில்லியன் கன மீற்றர். ஓர் ஏக்கர் அடி என்பது ஒரு ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் நீர். பிற்காலத்தில் மகாவலியில் எழுந்த புகழ்பெற்ற விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 722 மில்லியன் கன மீற்றர்தான். நிறைந்து நிற்கும்போது சேனாநாயக்க சமுத்திரத்தின் பரப்பு சுமார் 30 சதுர மைல். முழு மட்டம் 110 அடி. விவசாயிகள் "எத்தனை அடி" என்று கேட்பது இந்த 110 அடிக் கணக்கில்தான்.

நீர் ஏறியபோது குன்றுகளின் உச்சிகள் தீவுகளாகின. அந்தத் தீவுகளுக்கிடையே யானைகள் நீந்திக் கடப்பதைப் படகிலிருந்து பார்க்க இன்று உல்லாசப் பயணிகள் வருகிறார்கள்.

மின்சாரம்: வயலுக்கு இரண்டாவது இடம்தான்

இங்கினியாகல அணையடியில் நீர்மின் நிலையம் ஒன்று உண்டு. அதன் ஆற்றல் சுமார் 11 மெகாவோட். விக்டோரியா மின் நிலையத்தின் ஆற்றல் 210 மெகாவோட். கொள்ளளவில் பெரிய நீர்த்தேக்கம், மின்சாரத்தில் விக்டோரியாவின் இருபதில் ஒரு பங்கு அளவே தருவது ஏன்?

விடை உயரத்தில் இருக்கிறது. நீர்மின்சாரம் நீரின் அளவை மட்டுமல்ல, அந்த நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதையும் பொறுத்தது. ஆயிரம் லீற்றர் தண்ணீர் 30 மீற்றர் விழுந்தால், எந்த இழப்பும் இல்லாவிட்டால்கூட, ஒரு யூனிற் மின்சாரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கிடைக்கும். இங்கினியாகலயில் அணையின் உயரம் மட்டுமே வீழ்ச்சி. விக்டோரியாவில் அணையே 122 மீற்றர் உயரம். அங்கிருந்து சுரங்க வழியாக நீர் இன்னும் கீழே கொண்டுபோகப்பட்டு விசையாழியில் விடப்படுகிறது. லக்சபான போன்ற மலைநாட்டு நிலையங்கள் சிறிய நீர்த்தேக்கங்களோடு அதிக மின்சாரம் தருவதும் இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கினியாகலயில் மின்சாரத்துக்காக வயலின் தண்ணீரை வீணாக்குவதில்லை. பாசனத்துக்காகத் திறக்கும் நீர் விசையாழியைச் சுழற்றிவிட்டு வாய்க்காலுக்குப் போகிறது. வயலுக்குத் தண்ணீர் தேவைப்படாத காலத்தில் மின் உற்பத்தியும் குறையும். உடவளவையிலும் இதே ஒழுங்குதான். எனவே "கரண்டுக்காகத் தண்ணியை முடக்கி வைக்கிறாங்கள்" என்று சிலவேளை எழும் பேச்சுக்கு இங்கே பெரிதாக இடமில்லை. இந்த நீர்த்தேக்கத்தில் தண்ணீருக்கான போட்டி மின்சாரத்துக்கும் வயலுக்கும் இடையில் நடப்பதில்லை. வாய்க்காலின் தலைப்புறத்துக்கும் கடைப்புறத்துக்கும் இடையில்தான் நடக்கிறது.

யாருக்கு நிலம்

அணையின் நீரால் புதிதாகப் பாசனம் பெற்ற காணிகளில் வரிசையாகக் கொலனிகள் அமைக்கப்பட்டன. தொடக்க காலக் குடியேற்றவாசிகளுக்கு 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டு நிலமும் வீடும் கொடுக்கப்பட்டன. அக்காலத்துக்கு அது பெரிய கொடை. கேகாலை, கண்டி முதலான நெருக்கமான மாவட்டங்களிலிருந்து நிலமற்ற சிங்களக் குடும்பங்கள் பெருமளவில் கொண்டுவரப்பட்டன. அவர்களில் பெரும்பாலோர் வறியவர்கள், வேறு வழியின்றி வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

மட்டக்களப்பு மாவட்டத்துத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் சில கொலனிகள் ஒதுக்கப்பட்டன. நாவிதன்வெளிப் பக்கம் இன்றும் 4ஆம் கொலனி, 7ஆம் கொலனி, 12ஆம் கொலனி என்று இலக்கங்களே ஊர்ப்பெயராக வழங்குகின்றன. ஆனால் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். இடதுகரை வாய்க்கால் அணையிலிருந்து புறப்பட்டு வடக்கும் கிழக்குமாகப் போகும்போது, தலைப்புறத்தில் பெரும்பாலும் சிங்களக் கொலனிகள். கடைப்புறத்தில், மண்டூர்ப் பக்கமாகப் போகப்போக, தமிழ் பேசும் விவசாயிகள்.

நீர்ப்பாசனத்தில் தலையும் கடையும் சமமல்ல. தலைப்புறத்தில் இருப்பவர் துருசைத் திறந்தால் வயலில் தண்ணீர். கடைப்புறத்தில் இருப்பவர் தமக்கு மேலே உள்ள ஆயிரக்கணக்கானோர் எடுத்தபின் மிஞ்சுவதற்காகக் காத்திருக்க வேண்டும். வாய்க்கால் தூர்ந்தால், மதகு உடைந்தால், மழை குறைந்தால் முதலில் காய்வது கடைப்புறம். இந்தத் திட்டத்தில் அந்தத் தொழில்நுட்ப வேறுபாடு இன வேறுபாட்டின் மேலேயே வந்து படிந்தது. இன்றுவரை தொடரும் மனக்கசப்பில் பெரும் பங்கு இந்த அமைப்பில் வேரூன்றியது.

1956 ஜூன்

சிங்களம் மட்டும் சட்டமூலம் 1956 ஜூன் 5 ஆம் திகதி பாராளுமன்றத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அன்று காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினர் நடத்திய சத்தியாக்கிரகம் தாக்கப்பட்டது. கொழும்பில் தொடங்கிய வன்முறை ஜூன் 11 ஆம் திகதியளவில் கல்லோயாப் பள்ளத்தாக்கை எட்டியது.

மட்டக்களப்பில் சிங்களப் பெண் ஒருவர் மானபங்கப்படுத்தப்பட்டார், தமிழர் படை திரண்டு வருகிறது என்றெல்லாம் வதந்திகள் பரவின. அவை பொய். ஆனால் கும்பல்கள் திரண்டன. அபிவிருத்திச் சபையின் வாகனங்களே தாக்குதலுக்குப் பயன்படுத்தப்பட்டன. சபையில் வேலை செய்த தமிழரும் தமிழ்க் குடியேற்றவாசிகளும் வேட்டையாடப்பட்டார்கள். இராணுவம் வந்தபின்னரே ஓய்ந்த இந்த வன்முறையில் கொல்லப்பட்டோர் தொகை 150 வரை என்று பொதுவாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலானோர் தமிழர்.

அந்த நாட்களில் மானிடவியலாளர் எஸ்.ஜே. தம்பையா தமது மாணவர்களோடு குடியேற்றவாசிகள் பற்றிய கள ஆய்வுக்காகப் பள்ளத்தாக்கில் இருந்தார். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அவர், நேரில் கண்ட இந்த வன்முறை தமது வாழ்க்கைப் பாதையை மாற்றியதென எழுதியிருக்கிறார்.

மறு ஆண்டு, 1957 ஜூலை 26 இல் பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தானது. குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கு உரியது என்று அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் கல்லோயாச் சபையின் நிர்வாகத்தில் உள்ள பகுதியின் நிலை மேலும் ஆராயப்பட வேண்டும் என்று தனியாகக் குறிப்பிட்டு விடப்பட்டது. வடக்கு கிழக்குக்கான முதற் பெரும் உடன்பாட்டிலேயே இந்தப் பள்ளத்தாக்கு முடிவு செய்யப்படாத விடயமாகத் தொங்கியது. 1958 ஏப்ரலில் ஒப்பந்தமே கிழித்தெறியப்பட்டது.

1961 இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பிரித்து அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. திட்டத்தின் மையமாக வளர்ந்த அம்பாறை நகரம் தலைநகராயிற்று. 1963 குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தில் சிங்களவர் சுமார் 29 வீதம். 2012 இல் அது ஏறத்தாழ 39 வீதம். அதே 2012 இல் முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், தமிழர் சுமார் 17 வீதம். மூன்று சமூகங்களில் எதற்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத மாவட்டம் இது. தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக இருந்தும் மாவட்டச் செயலகத்தில் தமிழில் காரியம் முடிப்பது சிரமம் என்ற முறைப்பாடும், கரையோரத்துக்குத் தனி நிர்வாக மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கையும் இந்தப் பின்னணியில் வந்தவை.

தண்ணீர் பங்கிட்ட கதை

கல்லோயாவைப் பற்றி நாம் வழக்கமாகப் பேசுவது இதுவரை சொன்னவற்றையே. இதன் மறுபக்கத்தில் நம்மிடையே அதிகம் பேசப்படாத இன்னொரு வரலாறு உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது பாடமாகவே படிப்பிக்கப்படுகிறது.

1970களின் இறுதியில் இடதுகரை வாய்க்கால் பாழடைந்து கிடந்தது. கதவுகள் உடைந்திருந்தன, வாய்க்கால்கள் தூர்ந்திருந்தன, உத்தியோகத்தர் மீது விவசாயிக்கும், விவசாயி மீது உத்தியோகத்தருக்கும் நம்பிக்கை இல்லை. 1979 இல் அமெரிக்க உதவியோடு புனரமைப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. அதன் ஓர் அங்கமாகக் கமத்தொழில் ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, 1981 இல் இளம் பட்டதாரிகளைக் கிராமங்களுக்கு அனுப்பின. அவர்கள் குடியேற்றக் கிராமங்களில் தங்கி, ஒரே கிளை வாய்க்காலில் தண்ணீர் எடுப்போரைச் சிறு குழுக்களாகச் சேர்த்தார்கள்.

அந்த ஆண்டு சிறுபோகத் தொடக்கத்தில் நீர்த்தேக்கத்தில் கால்வாசி அளவே தண்ணீர் இருந்தது. சண்டை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்தது வேறு. சில வாரங்களுக்குள் விவசாயிகள் தாமாகவே சிரமதானம் செய்து வாய்க்கால் துப்புரவாக்கினார்கள். முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள். மேலே மிச்சம் பிடித்த நீரைக் கீழே விட்டார்கள். தலைப்புறச் சிங்கள விவசாயிகள் விட்ட நீர் கடைப்புறத் தமிழ் பேசும் விவசாயிகளின் வயலுக்கும் போய்ச் சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் நீர்ப் பயன்பாட்டின் திறன் ஏறத்தாழ இரட்டிப்பானதாக ஆய்வுகள் பதிவு செய்தன. இந்த முயற்சியை வழிநடத்திய நோர்மன் அப்ஹொவ் 1992 இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

1983 இல் நாடே எரிந்தது. அதன்பின் யுத்தம். ஆனாலும் அந்த விவசாய அமைப்புகள் முற்றாக அழியவில்லை. 1997 சிறுபோகத்தில் நீர்த்தேக்கத்தில் நெற்செய்கைக்குப் போதிய தண்ணீர் இல்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். விவசாய அமைப்புகள் இருந்த நீரை அளந்து பங்கிட்டு, இடதுகரையின் 65,000 ஏக்கரிலும் பயிரிட்டு, வழக்கத்தைவிட நல்ல விளைச்சல் எடுத்தன. யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அப்போதும் மேலே சிங்கள விவசாயி, கீழே தமிழ் பேசும் விவசாயி.

இதைச் சொல்வது 1956 ஐ மறக்கச் சொல்வதற்காக அல்ல. நிலப் பகிர்வில் நடந்த அநீதியை வாய்க்கால் குழு ஒன்று சரிசெய்துவிடாது. ஆனால் தண்ணீர்ப் பகிர்வு வேறு வகையான விடயம். அரசியல் தீர்வுக்குக் காத்திராமல், பயிரிடுவோர் நேருக்கு நேர் இருந்து பேசி, நியாயமாகப் பங்கிட முடியும் என்று இந்த வாய்க்காலே இரண்டு முறை காட்டியிருக்கிறது.

யுத்தத்தில் வயல்

யுத்த காலத்தில் இப்பள்ளத்தாக்கில் தண்ணீர் இருந்தும் பயிரிட முடியாத நிலம் நிறைய இருந்தது. காட்டோர வயலுக்குப் போனவர் திரும்பி வருவாரா என்ற பயம். இரவு வாடியில் தங்கிக் காவல் இருப்பது நின்றுபோனது. 1990 இல் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் நம்ப முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டார்கள். அந்த ஓகஸ்டில் சம்மாந்துறைக்கு அடுத்துள்ள வீரமுனையில், கோவிலில் தஞ்சமடைந்த தமிழர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். ஒரே கண்டத்தில் வரப்புக்கு வரப்பு வயல் செய்தவர்கள் தங்கள் வயலையே பார்க்கப் போக முடியாமல் இருந்தார்கள். பலரது காணிகள் அந்தக் காலத்தில் கைமாறின. சிலவற்றின் வழக்குகள் இன்னும் முடியவில்லை.

2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசு மூடப்பட்டதோடு இறுதி யுத்தம் வெடித்தது. தண்ணீரை ஆயுதமாக்கினால் முதலில் யார் காய்வார்கள் என்பதைக் கிழக்கு மக்கள் அப்போது கண்ணால் கண்டார்கள்.

வீட்டுக் குழாயில் வரும் நீர்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாட்டிலேயே அதிக உயிரிழப்பைச் சந்தித்தது அம்பாறை மாவட்டம். 10,000 க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவுப் பகுதிகளில் கிணறுகளும் உவர்ப்பாகின. காலங்காலமாக மணற்கரையின் கிணற்று நீரை நம்பியிருந்த மக்கள் குழாய் நீருக்கு மாறினார்கள். அம்பாறை நகருக்கு அருகில் உள்ள கொண்டவட்டுவான் குளத்தில் சுத்திகரிக்கப்படும் நீரே கரையோர ஊர்களுக்குப் பெருமளவில் வருகிறது. அந்தக் குளத்துக்கு நீர் கொடுப்பது சேனாநாயக்க சமுத்திரம். ஆகவே வயல் இல்லாத ஒரு மீனவக் குடும்பமும் இன்று அந்த 110 அடிக் கணக்கில் பங்குதாரர்தான்.

வெள்ளத்தின் கணக்கையும் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். அணை இருப்பதால் வெள்ளம் வராது என்று நினைப்பது ஆபத்து. அணை தடுப்பது மலைப்பக்கம் விழும் மழையை. அணைக்குக் கீழே, அம்பாறைக்கும் கடலுக்கும் இடையில் பெய்யும் வடகீழ்ப் பருவமழையை அது தடுக்காது. நீர்த்தேக்கம் நிறைந்து வான்கதவு திறக்கும் நாளும் கீழே மழை கொட்டும் நாளும் ஒன்றாக வந்தால் பாதிப்பு இரட்டிப்பாகும். 2011 ஜனவரி வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 26 ஆம் திகதி, மதரசாவிலிருந்து வீடு திரும்பிய சம்மாந்துறை மாணவர்கள் ஏறிவந்த உழவு இயந்திரம் மாவடிப்பள்ளியில் வெள்ளத்தால் இழுத்துச் செல்லப்பட்டது. ஆறு மாணவர்கள் உட்படப் பலர் உயிரிழந்தார்கள். அந்த வீதி போகும் தாழ்நிலம் ஆற்றின் பழைய வெள்ளச் சமவெளி. ஆறு தன் வழியை மறப்பதில்லை.

நம் கையில் உள்ளவை

நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் ஆரம்பக் கூட்டம் நடத்தப்பட வேண்டும். எத்தனை ஏக்கர் பயிரிடுவது, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, எப்போது நிறுத்துவது, எந்த வயது நெல் விதைப்பது என்பனவெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. அந்த முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். கூட்டத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று பின்னர் முறையிடுவதில் பலன் குறைவு.

கடைப்புற விவசாயிகள் அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. நீர்மட்டமும் திறக்கும் அளவும் தமிழில் உடனுக்குடன் அறிவிக்கப்பட வேண்டும். கிளை வாய்க்கால் ஒவ்வொன்றின் கடைசி மதகிலும் எவ்வளவு நீர் வந்து சேர்கிறது என்று அளந்து பதிய வேண்டும். தலைப்புற அமைப்புகளும் கடைப்புற அமைப்புகளும் ஒரே மேசையில் இருந்து முறை வகுக்க வேண்டும். வான்கதவு திறக்கும் எச்சரிக்கை, மாவடிப்பள்ளி போன்ற தாழ்வான வீதிகளின் இருமருங்கிலும் உள்ள பாடசாலைகளுக்கும் மதரசாக்களுக்கும் நேரடியாகப் போய்ச் சேர வேண்டும். இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

காணிப் பிரச்சினையும் எல்லைப் பிரச்சினையும் நீதிமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் பேசித் தீர்க்க வேண்டியவை. அவற்றுக்கான ஆதாரங்களை, பழைய உறுதிகளை, பெர்மிட்டுகளை, வரைபடங்களை ஒவ்வொரு குடும்பமும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அடுத்த தலைமுறைக்குப் பட்டிப்பளை ஆறு என்ற பெயரையும், அதன் கரையில் நடந்த 1956 ஐயும், அதே கரையில் தண்ணீர் பங்கிட்ட 1981 ஐயும் 1997 ஐயும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் அது பாதி வரலாறு.